சிறு காயமும் பெருந்தொற்றும்: சங்கிலிக் கிருமியின் பரம்பரையலகு விகாரங்கள்

மலைநாட்டிலே வாழ்வோர் சிறு காயத்தை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. கவ்வாத்துக் கத்தி வழுக்கிக் கணுக்காலிற் படும். தேயிலைக் குச்சி முன்கையைக் கீறும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்குவோரும் உளர். இவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே ஆறிவிடுகின்றன. ஆயினும், மிக அரிதாக, இத்தகைய ஒரு கீறலின் வழியே நுழைந்த கிருமி இரண்டொரு நாளில் தசையைச் சிதைத்து, குருதியை நஞ்சாக்கி, உடற்கட்டுள்ள ஒருவரையும் மரணத்தின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றது. பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை நோவைத் தந்து மூன்று நாளில் விலகிப் போகும் கிருமியும் இதுவே. ஒரே கிருமி ஓரிடத்திற் சாதுவாகவும் மற்றோரிடத்திற் கொடியதாகவும் நடப்பதற்குக் காரணம் யாது? அண்மைக் காலத்து உயிரியல் இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை கண்டிருக்கின்றது. அவ்விடையை, பொல்பிட்டியவையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் மனத்திற்கொண்டு, இங்கு ஆராய எண்ணுகின்றோம். ஆசிரியராயும், தோட்ட உத்தியோகத்தராயும், மருந்தகங்களிற் கடமை புரிவோராயும் மலைநாடெங்கும் பரந்திருக்கும் எமது பழைய மாணவர்க்கு இஃது ஏட்டுக் கல்வியாக மட்டும் அமையாது என்பது எமது துணிபு.

கிருமியின் வரலாறு

இக்கிருமியின் பெயர் ஸ்ரெப்டோகொக்கஸ். நுணுக்குக்காட்டியின் கீழ் மணிகளைக் கோத்த சங்கிலி போலத் தோற்றுவதால், வியன்னா நகரத்துச் சத்திரவைத்தியர் பில்ரோத் என்பார் 1874ஆம் ஆண்டில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இப்பெயரை ஆக்கினார். சீழை உண்டாக்கும் வகைக்கு ஸ்ரெப்டோகொக்கஸ் பயோஜெனிஸ் என்று 1884இல் ரோசன்பாக் பெயரிட்டார். நியூயோர்க்கின் றொக்பெலர் நிறுவனத்திற் பணியாற்றிய றெபேக்கா லான்ஸ்பீல்ட் அம்மையார் 1933இல் இக்குடும்பத்தை ஏ, பி, சி என வகுப்புகளாகப் பிரித்தார். மனிதருக்குப் பெருந்தீங்கு செய்வது ஏ வகுப்பேயாகும்.

பெயர் வழங்குமுன்னரே இதன் கொடுமையை உலகம் அறிந்திருந்தது. 1847ஆம் ஆண்டில் வியன்னாப் பொது வைத்தியசாலையில், பிணச் சோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு விரலிற் சிறு காயமுற்ற பேராசிரியர் கொலெச்கா, சில நாட்களில் உயிர் நீத்தார். அவருடைய உடலிற் கண்ட குறிகளும், பிரசவ விடுதியிற் காய்ச்சலால் மாண்ட தாய்மாரின் உடல்களிற் கண்ட குறிகளும் ஒன்றாயிருத்தலை அவருடைய நண்பர் செம்மல்வைஸ் உணர்ந்தார். பிணச் சோதனை முடித்துவரும் வைத்தியர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். தாய்மாரின் மரணம் விரைந்து குறைந்தது. 1879இல் பாரிஸ் நகரத்து மருத்துவக் கழகக் கூட்டமொன்றிலே, பிரசவக் காய்ச்சலின் காரணம் பற்றி வாதம் நிகழ்ந்தபோது, லூயி பாஸ்ச்சர் எழுந்து சென்று கரும்பலகையில் இக்கிருமியின் சங்கிலி உருவை வரைந்து காட்டினார். காயம்பட்ட விரலும் பிள்ளை பெற்ற கருப்பையும் இக்கிருமிக்கு ஒரே தன்மையான வாயில்கள் என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

இன்று இக்கிருமி விளைக்கும் நோய்களை மூன்று படியாக வகுத்துக் கூறலாம். முதற்படியில் தொண்டை நோ, சிரங்கு, செங்காய்ச்சல் ஆகியன. இரண்டாம் படியில், கிருமி நீங்கிய பின்னர் உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறித் தன்னைத் தாக்குவதால் விளையும் மூட்டுவாதக் காய்ச்சலும், அதன் வழிவந்த இருதய வால்வு நோயும், சிறுநீரக அழற்சியும். மூன்றாம் படியே நாம் இங்கு ஆராய்வது. கிருமி இயல்பாகத் தான் இருத்தற்குரிய தோலையும் தொண்டையையும் கடந்து, குருதியிலும் தசையுறையிலும் நுரையீரலிலும் புகுந்துவிடுதல் அது. தசையுறை அழுகல் நோயும், நச்சு அதிர்ச்சி நோயும் இதனுட் கொடியவை. நச்சு அதிர்ச்சிக்கு ஆளாவோருள் மூவரில் ஒருவர், சில இடங்களிற் பாதிப்பேர் வரை, தக்க சிகிச்சை பெற்றும் இறக்கின்றனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,63,000 பேர் இவ்வூடுருவும் தொற்றுக்கு ஆளாக, 1,63,000 பேர் உயிரிழந்தனர்.

விகாரம் என்பது யாது?

ஒவ்வோர் உயிரின் கலத்திலும் அதன் அமைப்பையும் செயலையும் விதிக்கும் ஓர் ஏடு இருக்கின்றது. டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறே அவ்வேடு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. எமது சங்கிலிக் கிருமியின் ஏட்டை 2001ஆம் ஆண்டில் முதன்முறையாக முற்றும் வாசித்தனர். அதில் ஏறத்தாழ 18½ இலட்சம் எழுத்துகள் உள. ஒரு புரதத்தை ஆக்கும் கட்டளை அடங்கிய பகுதியைப் பரம்பரையலகு என்கின்றோம். கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இவ்வேடு முழுவதும் பிரதி செய்யப்படுகின்றது. பழைய ஓலைச் சுவடிகளைப் பிரதி செய்தோர் எத்துணைக் கவனமாக எழுதினும் இடையிடையே எழுத்துப் பிழை நேர்ந்தது போல, இங்கும் பிழை நேரும். அப்பிழையே விகாரம்.

இப்பிழை எத்துணை அரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நுண்ணுயிர்கள் பலவற்றில் ஏறத்தாழ 300 பிரதிகளுக்கு ஒரு பிழை நேர்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். அவ்வளவையே இங்கும் கொள்வோம். தொற்றுண்ட ஒரு புண்ணிலே 10 கோடி கிருமிகள் ஒரு முறை பிரிந்தால், ஏறத்தாழ 3,30,000 புதிய பிழைகள் தோன்றும். நாம் கூறப்போகும் ஒரு சோடிப் பரம்பரையலகுகள் ஏட்டில் ஏறத்தாழ 2,200 எழுத்துகளைப் பிடிக்கின்றன. அதாவது முழு ஏட்டில் 840இல் ஒரு பங்கு. ஆகவே, அச்சோடியிற் பிழையுற்ற கிருமிகள் ஏறத்தாழ 400 அப்புண்ணிலே தோன்றிவிடும். அவற்றுட் சில பிழைகள் எவ்வித விளைவும் தாரா. சிலவோ அச்சோடியின் தொழிலையே கெடுத்துவிடும். தனித்த ஒரு கிருமியில் மிக அரிதாகிய நிகழ்ச்சி, கோடிக்கணக்கான கிருமிகளிடையே நிச்சயமாகிவிடுகின்றது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. கிருமி தனக்கு நன்மை வேண்டி இப்பிழையைத் திட்டமிட்டு உண்டாக்கிக்கொள்வதில்லை. பிழை எழுந்தமானமாக முன்னரே தோன்றுகின்றது. பொருந்திய சூழல் வாய்த்தபோது அப்பிழையுடையது பிழைத்துப் பெருகுகின்றது. லூரியா, டெல்புருக் என்னும் இருவர் 1943இற் செய்த சோதனையால் இவ்வுண்மையை நாட்டினர்.

மதகும் காவலாளியும்

இனி அச்சோடிப் பரம்பரையலகுகளின் தொழிலைக் காண்போம். கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பொல்பிட்டியப் பகுதியில் வாழ்வோர்க்கு ஓர் உவமை கைக்கெட்டிய தூரத்திலே இருக்கின்றது. லக்சபானாக் குளத்திலே தேக்கிய நீர், சுரங்கத்தின் வழியும் குழாயின் வழியும் இறங்கி, 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகின்றது. நீரின் வலிமை எப்பொழுதும் அங்குண்டு. ஆயினும் எவ்வளவு நீர் எப்பொழுது செல்ல வேண்டும் என்பதை மதகுகளும், நீர்மட்டத்தை நோக்கியிருக்கும் காவலரும் தீர்மானிக்கின்றனர்.

சங்கிலிக் கிருமியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கொவ்-எஸ் என்னும் புரதம் கிருமியின் மென்சவ்விலே நின்று வெளிச்சூழலை நோக்கும் காவலாளி. கொவ்-ஆர் என்னும் புரதம் அதன் ஏவலைக் கேட்டு, கொடிய படைக்கலங்களை ஆக்கும் பரம்பரையலகுகளின் மீது அமர்ந்து அவற்றை மூடி வைத்திருக்கும் மதகு. இவ்விரண்டும் சேர்ந்து கிருமியின் பரம்பரையலகுகளிற் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலேயோ ஆள்கின்றன. தொண்டையிற் சாதுவாக வாழும் காலத்தில் மதகு பெரும்பாலும் மூடியே இருக்கும். வீண் செலவும் பகையும் அப்பொழுது கிருமிக்கு ஆகா.

காவலாளியின் பரம்பரையலகிலே ஓரெழுத்துக் கெடுகின்றது, அல்லது ஓரெழுத்துக் கூடுகின்றது, அல்லது குறைகின்றது. ஏவல் நின்றுபோக, மதகு திறந்து கொள்கின்றது. அப்பொழுது நிகழ்வன நான்கு.

முதலாவது, கிருமி தன்னைச் சுற்றித் தடித்த ஓர் உறையை ஆக்குகின்றது. அவ்வுறை ஐயலூரோனிக் அமிலத்தாலானது. எமது மூட்டுகளிலும் தோலிலும் உள்ள பொருளும் அதுவே. எதிரி எமது சீருடையையே அணிந்து வந்தால் காவற்படை எங்ஙனம் அடையாளம் காணும்?

இரண்டாவது, வெண்குருதிக் கலங்களைப் போர்க்களத்துக்கு அழைக்கும் தூதுப் புரதத்தை வெட்டிவிடும் ஒரு நொதியத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. ஆகவே, உள்ளே தசை அழுகிக்கொண்டிருக்கும் போதும் வெளியிற் சீழ் அதிகங் காணப்படாதிருத்தல் உண்டு.

மூன்றாவது, வந்து சேர்ந்த வெண்குருதிக் கலங்கள் தம் டி.என்.ஏ.யையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்க முயல்கின்றன. அவ்வலையை அறுக்கும் நொதியமொன்று இக்கிருமியிடம் உண்டு. கலங்களின் சவ்விலே துளையிடும் ஸ்ரெப்டோலைசின் என்னும் நஞ்சும் மிகுகின்றது.

நான்காவது, ஸ்பீ-பி என்னும் புரதச் சிதைப்பு நொதியம் சுரப்பது நின்றுபோகின்றது. இது கேட்பதற்கு நன்மை போலத் தோன்றும். உண்மை வேறு. அந்நொதியம் இருந்த காலத்திற் கிருமியின் சொந்தப் படைக்கலங்களையும் அரித்துக்கொண்டிருந்தது. அது நீங்கியதும் அவை யாவும் கூர் மழுங்காமல் எஞ்சுகின்றன. கிருமி எமது குருதியில் உள்ள பிளாஸ்மினோஜன் என்னும் பொருளைத் தன்மேற் பற்றிக்கொண்டு, அதன் துணையால் இழையங்களைக் கரைத்து வழி சமைக்கின்றது.

இவை ஊகங்கள் அல்ல. 2001இலும் 2006இலும் அமெரிக்க ஆய்வாளர், எலிகளின் உடலிற் செலுத்திய கிருமிகள் சில நாட்களில் இவ்விகாரத்தைப் பெற்றுக் கொடியனவாக வெளிவருவதைக் கண்டனர். 2007இல் அவுஸ்திரேலிய, அமெரிக்க அறிஞர் கூடிச் செய்த ஆய்வு, வலையை அறுக்கும் நொதியமே விகாரமுற்றவற்றைப் பிழைக்க வைக்கின்றது என்று காட்டியது. மனிதரிடத்தும் இஃது உண்மையே என்பதை யப்பானியர் 2010இல் நிறுவினர். நச்சு அதிர்ச்சியுற்றோரிடமிருந்து எடுத்த கிருமிகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் இத்தகைய அடக்கும் பரம்பரையலகுகள் கெட்டிருந்தன. ஊடுருவாத நோய்களிலிருந்து எடுத்தவற்றிலோ அஃது மிக அரிது.

கொடியது பரவுவதில்லை

இவ்விடத்து அன்பர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். இத்துணை வலிமை பெற்ற கிருமி உலகெங்கும் பரவி ஏனைய சாதுக் கிருமிகளை ஒழித்திருக்க வேண்டாமோ? அங்ஙனம் நிகழாமைக்குக் காரணம் உண்டு. தடித்த உறையைப் பூண்ட கிருமி தொண்டையின் மேற்பரப்பிற் பற்றிக்கொள்ளும் திறனை இழக்கின்றது. ஓர் உடலில் வெற்றி பெற்றது அடுத்த உடலுக்குத் தாவ இயலாமல் அவ்வுடலோடே அழிகின்றது. ஆகவே, மதகு உடைந்த கிருமி பெரும்பாலும் நோயாளியின் உடலுக்குள்ளேயே தோன்றி அங்கேயே முடிகின்றது. ஊரிற் பரவித் திரிவது சாதுவான கிருமியே.

இதிலிருந்து பெறப்படும் பாடம் பெரிது. கொடிய நோய் எங்கோ தொலைவிலிருந்து வந்து புகுவதன்று. லயத்து அறையிலே பிள்ளையின் தொண்டையிலும், தாயின் காற்புண்ணிலும் உள்ள எளிய கிருமியே அதற்கு வித்து. புண்ணிலே கிருமியின் தொகை பெருகப் பெருக, மதகு உடையும் வாய்ப்பும் பெருகுகின்றது. சிறு புண்ணை ஆற்றுதல் அவ்வாய்ப்பைக் குறைத்தலாகும்.

பரவும் தன்மையை இழக்காது கொடுமை கூடும் விகாரங்களும் அருமையாக உண்டு. 1980களில் எம்-1 என்னும் வகையின் ஒரு கிளை, வேறொரு கிருமியிடமிருந்து நச்சுப் பரம்பரையலகுகள் அடங்கிய ஒரு துண்டைப் பெற்று உலகெங்கும் பரவியது. 2019இல் இலண்டன் ஆய்வாளர், அவ்வகையில் 27 எழுத்து மாற்றங்களையுடைய புதிய கிளை ஒன்றை விவரித்தனர். அது செங்காய்ச்சல் நஞ்சை மிகுதியாகச் சுரப்பது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிற் சிறுவரிடையே ஊடுருவும் தொற்று மிக, உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு திசெம்பரில் அறிவித்தல் விடுத்தது. யப்பானில் 2023இல் 941 பேர் நச்சு அதிர்ச்சியுற்றதாகப் பதிவாயிற்று. 2024இன் முதல் ஐந்து மாதங்களிலேயே அத்தொகை கடந்துபோயிற்று.

தமிழகத்து நிலை யாது? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் சண்டிகர் மருத்துவ நிறுவனத்தினரும் ஐரோப்பிய அறிஞருடன் கூடி, தென்னிந்தியாவிலும் வடஇந்தியாவிலும் ஊடுருவும் தொற்றுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். மேலைநாடுகளில் இரண்டொரு வகைகளே மேலோங்கி நிற்க, இங்கோ பற்பல வகைகள் கலந்து காணப்பட்டன. சென்னையில் முன்னர் நிகழ்ந்த ஆய்வும் இத்தகைய பன்மையையே காட்டியது. மேலைநாட்டு வகைகளை மாத்திரம் மனத்திற்கொண்டு ஆக்கப்படும் தடுப்பூசி எம்மவரைக் காவாது போகலாம் என்பது இதன் பொருள். இக்கிருமிக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் ஒன்றேனும் வரவில்லை.

நோயைக் கிருமி மாத்திரம் தீர்மானிப்பதுமில்லை. ஒரே கிளைக் கிருமி ஒருவருக்குக் கடுநோயும் மற்றொருவருக்கு இலகு நோயும் தருவதற்கு, அவரவர் பிறவியிற் பெற்ற எதிர்ப்பமைப்பும் ஒரு காரணம் என 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. நீரிழிவுடையோர், முதியோர், அண்மையிற் பிள்ளை பெற்ற தாய்மார், கொப்புளிப்பான் கண்ட சிறுவர் ஆகியோர் மிகுதியும் கவனிக்கத் தக்கவர்.

சிகிச்சையும் காலமும்

ஒரு நற்செய்தியும் உண்டு. பெனிசிலின் வழக்கிற்கு வந்து எண்பது ஆண்டுகள் கடந்தும், அதனை முற்றாக எதிர்க்கும் ஏ வகுப்புச் சங்கிலிக் கிருமி நோயாளரிடத்து இதுவரை தோன்றவில்லை. ஆயினும் 1952ஆம் ஆண்டிலேயே ஈகிள் என்பார் எலிகளில் ஓர் உண்மையைக் கண்டார். கிருமித்தொகை மிகப் பெருகி, அவற்றின் பிரிவு மந்தமடைந்த பின்னர்ப் பெனிசிலின் கொடுத்தால், அதன் பயன் குன்றிவிடுகின்றது. சுவரை ஆக்கிக்கொண்டிருக்கும் கிருமியையே பெனிசிலின் வீழ்த்தும். ஆக்கம் நின்ற கிருமியை அது தொடாது. ஆதலின் வைத்தியர்கள் கிளின்டாமைசின் என்னும் மருந்தையும் சேர்க்கின்றனர். அது நஞ்சு ஆக்கப்படுவதையே தடுக்கின்றது. தசையுறை அழுகிய இடத்தைச் சத்திர சிகிச்சையால் உடனே அகற்றுதலும் இன்றியமையாதது. இங்கு மணித்தியாலங்களே உயிரின் விலை.

தோட்டப் பகுதிக்கு இவ்வுண்மை எத்துணைக் கடுமையானது என்பதைக் கூற வேண்டியதில்லை. மேல்மலை லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்குதலே ஒரு பயணம். டிக்கோயாவில் இந்திய உதவியோடு எழுந்த புதிய வைத்தியசாலைக் கட்டடம் 2017ஆம் ஆண்டு மே மாதத்திற் திறக்கப்பட்டமை இப்பகுதிக்கு ஒரு பேறே. ஆயினும், வைத்தியசாலை எத்துணை அருகிலிருப்பினும், நோயாளி புறப்படத் தாமதித்தால் பயன் யாது? எனவே பின்வருவனவற்றை நாம் எமது மாணவர்க்கும் அயலவர்க்கும் எடுத்துரைத்தல் கடன்.

காயம் பட்டவுடன் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவித் துப்புரவான துணியால் மூடுக. காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், சாணம் முதலியவற்றை அப்புதல் தீது. சிவந்த இடத்தின் எல்லையைப் பேனையாற் கோடிட்டு நேரத்தைக் குறித்து வைக்குக. சிவப்பு அக்கோட்டைத் தாண்டி விரைந்து பரவினால் அதுவே எச்சரிக்கை. புண்ணின் தோற்றத்துக்குப் பொருந்தாத பெருவலியே யாவற்றினும் முதன்மையான குறி; தோல் நன்றாகத் தோன்ற உள்ளே தாங்கவியலாத நோவு இருக்குமானால், அதனைப் பாசாங்கு என்று எவரும் தள்ளிவிடலாகாது. நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, மயக்கம், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல், ஊதா நிறக் கொப்புளம் ஆகியவற்றுள் ஒன்று கூடினும் விடியட்டும் என்று காத்திராது அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வெளிக்காயம் யாதுமின்றி, தசைப் பிடிப்பாலோ அடிபட்ட கன்றலாலோ இந்நோய் தொடங்குவதும் உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குக் காய்ச்சலும் அடிவயிற்று நோவும் கண்டால் அதனையும் இவ்வரிசையிலேயே வைத்தெண்ணுக. சிறுவரின் தொண்டை நோவுக்கு வைத்தியர் பெனிசிலின் விதித்தால், நோ நீங்கியதென்று இடையில் நிறுத்தாது முழு நாளும் கொடுத்தல் வேண்டும். பிற்காலத்து இருதய நோயைத் தடுப்பது அதுவே.

இவை சிறு காரியங்கள். சிறு காரியங்களின் பயனுக்கு எமது நாடே சான்று. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 21ஆம் நூற்றாண்டில் அத்தொகை 40 அளவிற்குக் குறைந்துவிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிமாரின் கழுவிய கையும், பெனிசிலினும், நேரத்தோடு வைத்தியசாலை சேர்ந்தமையும் இவ்வெற்றியிற் பெரும்பங்கு கொண்டன. கிருமியின் ஏட்டிற் பிழை நேர்வதை எவராலும் தடுக்க முடியாது. அது பிரதி செய்யும் ஒவ்வொரு கணமும் நேர்ந்துகொண்டே இருக்கும். அப்பிழை ஓர் உயிரைக் கவரும் அளவிற்குப் பெருக இடங்கொடுப்பதும் கொடாததும் எம் கையில் உள்ளன. கூலிநாள் போய்விடுமே என்று அஞ்சிப் புண்ணை மறைத்து மலையேறும் தொழிலாளிக்கு, ஒருநாள் ஓய்வும், கழுவுதற்கு நல்ல நீரும், நள்ளிரவிலும் புறப்படக்கூடிய ஒரு வண்டியும் உறுதியாகக் கிடைக்குமாயின், மிகக் கொடிய விகாரமும் தோன்றிய இடத்திலேயே தோற்றுப்போகும். கற்றவர் கல்வியாற் பெற்ற பயனை ஊருக்கு ஆக்குதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.